அணைத்த டி.வி.யில் வந்த படம்

சத்தியவேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு வேனில் கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கஞ்சி போட்ட வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்த கோவர்த்தனன், டி.வி.யைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

திரையில் அவர் மகள் தரணி இருந்தாள். மஞ்சள் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, கையில் நிச்சயத் தட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பையன். இன்று வரப்போகிற பையன் அல்ல.

படம் மெல்ல மங்கியது. கனடாவில் முழங்கால் அளவு பனியில் நிற்கிற மகன் ஜெயபிரகாஷ் வந்தான். அவனும் மங்கி, மாந்தோப்பு வந்தது.

“தாட்சாயணி!”

சமையல்கட்டிலிருந்து கரண்டியும் கையுமாக மனைவி ஓடிவந்தாள். “இன்னாத்துக்கு இப்டி கத்தறீங்க?”

“அந்தப் படம் எப்படி இன்னும் கீது? எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு சொன்னியே!”

“போன்ல இருந்தத அழிச்சாச்சு. பெட்டியில இருக்கறது அப்பப்ப வரும். நீங்க இருக்கும்போது வந்தா நான் ரிமோட்ட அமுக்கி மாத்திடுவேன்.”

“இத்தன நாளா?”

“பின்ன? உங்க ரத்தக் கொதிப்புக்கு அதையும் காட்டணுமா?”

பெட்டி என்று அவள் சொன்னது மாடி அறையில் இருந்த கறுப்புப் பெட்டியை. கெட்டியான ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். ஜெயபிரகாஷ் கனடாவிலிருந்து ஒரே ஒரு முறை லீவில் வந்தபோது வாங்கிப் பொருத்தியது. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கி, புதிய டி.வி.யை மாட்டி, இரண்டையும் பெட்டியோடு வைஃபையில் சேர்த்துவிட்டுப் போனான். வீட்டில் யார் போனில் படம் எடுத்தாலும் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அவன் அங்கே எடுப்பதும் வந்துவிடும். பெட்டியில் இருக்கிற எதையும் டி.வி.யில் போட்டுப் பார்க்கலாம். டி.வி.யை யாரும் தொடாமல் விட்டால், அதுவாகவே பெட்டியில் இருக்கிற படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும். எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மகன் முகம் எப்போதாவது வருமென்று தாட்சாயணி பகலெல்லாம் அதை ஓடவிட்டிருப்பாள்.

இன்றைக்கு அது நஞ்சாகப் போயிற்று.

தரணிக்கு முதலில் நிச்சயமான பையன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். அந்த நிச்சயத்துக்காகத்தான் ஜெயபிரகாஷ் அந்தப் புரட்டாசியில் வந்தான். தட்டு மாற்றி, ஊரைக் கூட்டி விருந்து போட்டார்கள். அப்புறம் பையனுக்கு அமெரிக்கா போக விசா வந்தது. விசா வந்த கையோடு அவர்கள் பேச்சு மாறியது. கடைசியில் யாரோ ஒரு சொந்தக்காரன் கையில், இவர்கள் கொடுத்த பட்டு வேட்டியும் தட்டும் அதே துணியில் கட்டித் திரும்பி வந்தன. வாசலில் வைத்து வாங்கிக்கொண்டபோது கோவர்த்தனன் ஒரு வார்த்தை பேசவில்லை. நாராயணவனம் ரோட்டில் அவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறைப் பேர். அந்த வாசலுக்குத் தட்டு திரும்பி வந்ததில்லை. அன்றிரவே வீட்டில் உத்தரவு போட்டார். இனி இதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.

சத்தியவேட்டுச் சம்பந்தம் பேச்சு வந்தபோது பையனின் தகப்பனார் அப்பாவு போனில் கேட்டார். “பொண்ணுக்கு இதுக்கு முன்ன எங்கியாவது பேசி நின்னதா?” கோவர்த்தனன், “இல்லீங்க. இதான் முதல் தடவை ஜாதகம் வெளிய எடுத்தது” என்றார். நேரில் பார்த்தபோது அதையே இன்னொரு முறை கேட்டார். இவரும் அதையே இன்னொரு முறை சொன்னார். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

“தரணிய கூப்பிடு.”

தரணி பாதிப் பின்னிய சடையைக் கையில் பிடித்தபடி வந்தாள். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். எதற்கும் சட்டென்று பதறமாட்டாள்.

“பெட்டியில கீற அந்தப் படத்தையெல்லாம் இப்பவே எடுத்துடு.”

“என்னால முடியாது நைனா. நம்ம போன்லருந்து பாக்கலாம், டி.வி.யில போடலாம். அழிக்கறதுக்கு அண்ணன் பாஸ்வேர்டு வேணும். அது அவன் லேப்டாப்புல இருக்குது.”

“அப்ப வயரைப் புடுங்கு.”

“புடுங்கினா கருட சேவையும் போயிடும்.”

அது கோவர்த்தனன் தாமே இழுத்துவிட்டுக்கொண்ட வம்பு. அப்பாவுவின் அக்கா லட்சுமம்மாவுக்கு முழங்கால் வலி. மலைக்குப் போய் வருஷக்கணக்காகிறது என்று பேச்சுவாக்கில் வந்தது. “எங்க வீட்டுக்கு வாங்கம்மா. என் புள்ள மாட வீதியில நின்னு எடுத்த கருட சேவை கீது. சுவாமி உங்க எதிரில வந்து நிப்பாரு” என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா அதற்காகவே விரதம் இருந்து வருகிறாளாம். அந்த வீடியோவும் அதே பெட்டியில்தான் இருந்தது. அதே புரட்டாசிப் பயணத்தில் எடுத்தது.

“நைனா,” தரணி குரலைத் தாழ்த்தினாள். “சொல்லிடலாமே.”

“எத?”

“நடந்தத. நாம ஒன்னும் தப்பு பண்ணலியே. அவங்கதானே திருப்பி அனுப்பினாங்க.”

“திருப்பி அனுப்பிச்ச பொண்ணுன்னு நானே தண்டோரா போடணுமா?”

“கல்யாணம் ஆன அப்பால தெரிஞ்சா? நீங்க இங்க இருப்பீங்க. அங்க பதில் சொல்லிக்கினு நான்தானே நிக்கணும்?”

“தெரியாது. தெரியாமப் பாத்துக்கறதுக்குத்தான் நான் கீறேன். போய் சடையப் பின்னு.”

அவள் போய்விட்டாள். அவர் மகனுக்குப் போன் போட்டார். நாலைந்து முறை அடித்து நின்ற பிறகு எடுத்தான். அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ வண்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டு பின்னால் வருவது கேட்டது.

“நைனா, வேலைல கீறேன். லேப்டாப்பு ரூம்ல. இப்ப ஒன்னும் பண்ண முடியாது.”

“மானம் போவுதுடா!”

“பதறாதீங்க. வீடியோ ஓடும்போது படம் வராது. நின்னாதான் வரும். நின்னுபோச்சுன்னா ரிமோட்ல எதனா ஒரு பட்டனை அமுக்கிக்கினே இருங்க. தொட்டுக்கினே இருந்தா அது சும்மா இருக்கும். வீடியோ முடிஞ்சதும் டி.வி.யை ஆஃப் பண்ணிடுங்க. அவ்ளோதான்.”

அவ்வளவுதான். கோவர்த்தனன் ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேன் சத்தம் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

வேன் நிறைய வந்தார்கள். அப்பாவு ஒல்லியான மனிதர். எதைச் சொன்னாலும் பாதி கிண்டலாகச் சொல்வார். அவர் மனைவி சுலோசனா கண்ணாலேயே வீட்டை அளந்துகொண்டு வந்தாள். லட்சுமம்மாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மாப்பிள்ளை முரளி எல்லாருக்கும் பின்னால், செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வந்தான். ஸ்ரீசிட்டியில் போன் தயாரிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தார்கள்.

தண்ணீர் கொடுத்தாயிற்று. சொம்பு கை மாறி முடிவதற்குள் வேனில் வந்த இளசுகளில் ஒருத்தி கேட்டாள்: “ஆண்ட்டி, வைஃபை பாஸ்வேர்டு இன்னா?”

கோவர்த்தனன் ‘வேணாம்’ என்று கண்ணைக் காட்டுவதற்குள் தாட்சாயணி ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வைஃபை இல்லை என்றால் எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்? அத்தனை போனும் தலை குனிந்து வேலையைத் தொடங்கின.

“எங்கப்பா அந்தக் கருட சேவை?” லட்சுமம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டி.வி.க்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

கோவர்த்தனன் பட்டனை அமுக்கினார். மேளமும் நாகசுரமும் கூடத்தில் நிறைந்தன. தீவட்டி வெளிச்சத்தில் கூட்டம் அலைமோத, குடை அசைய, கருடன் மேல் சுவாமி ஆடி ஆடி வந்தார். “கோவிந்தா! கோவிந்தா!” லட்சுமம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு நிமிஷம் கோவர்த்தனனுக்கும் நெஞ்சு விம்மியது. என் பிள்ளை எடுத்தது.

சுவாமி முகம் திரை நிறைய வந்த நேரத்தில் படம் நின்றது.

மேளம் பாதியில் அறுந்தது. சுவாமியின் முகத்துக்கு நடுவே ஒரு சின்ன வளையம் சுற்ற ஆரம்பித்தது.

“வைஃபை ஸ்லோவாயிடுச்சு,” முரளி சொன்னான். “எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கறாங்க இல்ல?” சொல்லிவிட்டுத் தன் போனை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் அசையவில்லை.

வளையம் சுற்றியது. பிறகு சுவாமியே மறைந்து, படங்களின் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக இருக்கும் திரை வந்தது. கோவர்த்தனன் ரிமோட்டின் மேல்பட்டனை அமுக்கினார். கீழ்ப்பட்டனை அமுக்கினார். மறுபடி மேல். கட்டங்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை. மஞ்சளாக எதுவோ ஒன்று ஓரத்தில் தெரிகிற மாதிரி இருந்தது.

“நிறுத்திட்டு அப்பால பாப்பமே,” என்றார் மெதுவாக. “இலை போட்டுடலாம்.”

“அய்யோ! பாதி தரிசனத்துல நிறுத்துவாங்களா?” லட்சுமம்மா பதறினாள். “சுவாமி எழுந்தருளி வந்துக்கினு கீறாரு. ஆரத்தி ஆவாம மூடக்கூடாது. அதும் நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல! எம்மா, கற்பூரம் கீதா?”

தாட்சாயணி கற்பூரத் தட்டை எடுத்து வந்து டி.வி.க்கு முன்னால் ஸ்டூலில் வைத்தாள். எல்லாரும் கை கூப்பியபடி நின்றார்கள். இனி அந்த டி.வி.யை நிறுத்துவதும் கோயில் நடையைப் பாதியில் சாத்துவதும் ஒன்றுதான். கோவர்த்தனன் அமுக்கிக்கொண்டே இருந்தார். மேல், கீழ். மேல், கீழ். வியர்வையில் ரிமோட் வழுக்கியது.

“இன்னா, கை நடுங்குது?” அப்பாவு பக்கத்தில் வந்து நின்றார். “சக்கரை கீதா உங்களுக்கு?”

“அதெல்லாம் ஒன்னும் இல்லீங்க.”

“விட்டா தேய்ஞ்சிடும் அந்த ரிமோட்டு. கொஞ்சம் சும்மா வெய்ங்களேன், அதுவா வரும்.”

“சும்மா வெச்சா வராது.”

“கொடுங்க, நான் பாக்கறேன்.” அப்பாவு கையை நீட்டினார்.

கோவர்த்தனன் ரிமோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் தாம் எப்படித் தெரிந்திருப்போம் என்று நினைத்தால் பின்னாளிலும் அவருக்கு உடம்பு கூசும். ஐம்பது பேர் பஞ்சாயத்தில் குரல் உயர்த்தாமல் தீர்ப்புச் சொன்ன மனிதர், பொம்மையைப் பிடுங்க வந்தவனிடமிருந்து ஒளித்துக்கொள்கிற பிள்ளை மாதிரி நின்றார். அப்பாவு நீட்டிய கையை இழுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

சமையல்கட்டு வாசலில் தரணி நின்றிருந்தாள். அப்பா விரல் மேலும் கீழும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டேய், எல்லாரும் போன கீழ வெய்ங்க!” முரளி ஒரு அதட்டல் போட்டான். போன்கள் அடங்கின. கோவர்த்தனன் மறுபடி வீடியோவைத் தேடிப் பிடித்துப் போட்டார். மேளம் முழங்கியது. கற்பூரம் எரிந்தது. லட்சுமம்மா ஜுவாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “போதும்ப்பா. இந்த ஜன்மத்துக்கு இது போதும்” என்றாள்.

அடுத்த கணம் கோவர்த்தனன் டி.வி.யை அணைத்தார். திரை கறுத்தது. கறுத்த திரையில் கூடமும் அவர் முகமும் தெரிந்தன. பெருமூச்சு அவரை அறியாமல் வெளியே வந்தது. முடிந்தது. காப்பாற்றியாயிற்று. ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “உக்காருங்க, தட்டு மாத்திடலாம்” என்றார். குரல் பழைய கனத்துக்குத் திரும்பியிருந்தது.

பாய் விரித்தார்கள். இரண்டு பக்கத்துத் தட்டுகளும் நடுவில் வந்தன. பழம், பூ, புடவை, வெற்றிலை பாக்கு. அப்பாவு சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு வார்த்த,” என்றாள் லட்சுமம்மா. “சுவாமிய பாத்த கண்ணு ஈரம் காயல. அதனால கேக்கறேன், தப்பா நெனைக்காதப்பா. எங்க வீட்ல மூத்த மருமவ வர்றா. பொண்ணுக்கு வேற எங்கியும் தட்டு மாத்தினது இல்லியே?”

கற்பூர வாசனை இன்னும் இருந்தது. கோவர்த்தனன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இல்லம்மா,” என்றார்.

அப்பாவு தட்டின் மேல் கை வைத்தார்.

டி.வி. எரிந்தது.

யாரும் தொடவில்லை. கறுத்துக் கிடந்த திரை தானாக நீலமாகி, வெளுத்து, பிறகு அதில் மஞ்சள் பட்டு வந்தது. தலை நிறையப் பூ. கையில் தட்டு. பக்கத்தில் அந்தப் பையன். பின்னால் இதே கூடம், இதே சுவர், அதில் மாட்டிய இதே கடிகாரம்.

கோவர்த்தனன் சட்டைப்பையைத் தடவினார். ரிமோட் பையில்தான் இருந்தது. வெளியே எடுத்தார். அணைக்கிற பட்டனை அமுக்கப் போனவர் சமையல்கட்டு வாசலைப் பார்த்தார். தரணியின் கையில் போன் இருந்தது. அவள் விரல் இன்னும் அதன் மேல் இருந்தது. ரிமோட்டைக் காவல் காத்தவருக்கு, இந்த வீட்டின் வைஃபையில் இருக்கிற எந்தப் போனும் அந்த டி.வி.யை எழுப்பும் என்பது தோன்றவே இல்லை.

“அது நான்தான்,” என்றாள் தரணி. குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. “எனக்கு ஒரு தடவ நிச்சயம் ஆச்சு. அவரு அமெரிக்கா போறாருன்னு தட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நைனா என் நல்லதுக்குத்தான் மறைச்சாரு. எனக்கு அது வேணாம். உங்க வீட்டுக்கு வந்து தெனமும் பயந்துக்கினு என்னால இருக்க முடியாது.”

தாட்சாயணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வேனில் வந்த ஒருத்தி, “அடிப்பாவி” என்று முணுமுணுத்தாள். அது யாரைச் சொன்னது என்று தெரியவில்லை.

அப்பாவு தட்டிலிருந்து கையை எடுத்தார். கிண்டல் முகத்தில் துளிகூட இல்லை.

“நான் ரெண்டு தடவ கேட்டேன். எங்கக்கா இப்ப கற்பூரத்த ஒத்திக்கினு கேட்டுச்சு. மூணு தடவ.”

கோவர்த்தனனுக்கு வாயில் வார்த்தைகள் வந்து நின்றன. படத்தில் இருப்பது தரணியின் சித்தப்பா மகள். அவளும் இப்படித்தான் இருப்பாள். சொல்லலாம். பாதி பேர் நம்புவார்கள். மீதி பேர் நம்புகிற மாதிரி இருப்பார்கள். அப்படிச் சொன்னால் வாசலில் நிற்கிற மகள் பொய்க்காரியாவாள். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதைச் சொல்லப்போகிறார் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

“கேட்டீங்க,” என்றார். “மூணு தடவையும் இல்லன்னு சொன்னது நான். என் பொண்ணு காலைலயே சொல்லிடலாம்னு சொன்னா. நான்தான் அதட்டி உள்ள அனுப்பினேன். பழி எதனா இருந்தா என் மேல போடுங்க. அவ மேல ஒரு வார்த்த விழக்கூடாது.”

அப்பாவு எழுந்தார். சுலோசனாவும் எழுந்தாள். முரளியையும் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய் வேனுக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். கூடத்தில் மீதி இருந்தவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் தரணி சிரித்துக்கொண்டே இருந்தாள். அதை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சன்னல் வழியாகக் கோவர்த்தனனுக்கு அவர்கள் கைகள் அசைவது மட்டும் தெரிந்தது. ஒருமுறை முரளி கையை உதறினான். அது வேண்டும் என்கிற உதறலா, வேண்டாம் என்கிற உதறலா? வேன் டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவரால் சன்னலிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. இந்தத் தட்டும் திரும்பினால் அதற்கு அமெரிக்காவைக் காரணம் சொல்ல முடியாது. காரணம் அவர்தான். நெஞ்சில் இடதுபக்கம் கல் வைத்த மாதிரி இருந்தது.

தரணி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். திட்டுவார் என்று தாட்சாயணி எதிர்பார்த்தாள். அவர் நகர்ந்து மகளுக்கு இடம் கொடுத்தார்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். அப்பாவு பழைய இடத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“முதல்லருந்து கேக்கறேன்,” என்றார். “நாம இதுவரைக்கும் பேசினது எதுவும் பேசல. இன்னிக்குத்தான் பாக்கறோம்னு வெச்சிக்குங்க. சொல்லுங்க. மாந்தோப்பு உங்களுதா?”

கோவர்த்தனன் தொண்டையைச் செருமினார். “பாதி. கெணத்துக்கு அந்தாண்ட கீறது தம்பியோடது.”

“போன வாரம் முழுசா உங்களுதுன்னீங்க.”

“ஆமாம்.”

“பையன் கனடாவுல இன்ஜினியரு?”

கோவர்த்தனன் தாட்சாயணியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். “படிச்சது இன்ஜினியருக்கு. இப்ப ஒரு குடோன்ல சரக்கு ஏத்தி இறக்கறான். அங்கயே தங்கறதுக்குப் பேப்பர் இன்னும் வரல.”

இதைச் சொந்தத் தம்பியிடம்கூட அவர் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது கூடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

“உடம்புக்கு?”

“கொஞ்சம் பி.பி.”

“நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குது அண்ணே,” தாட்சாயணி சட்டென்று சொன்னாள். “திருப்பதியில வெச்சாங்க. மாத்திரை துன்றதுக்குக்கூட ஒளிஞ்சிக்கினுதான் போவாரு.”

“அதான் கை நடுங்கிச்சா?”

“அது வேற நடுக்கம்,” என்றாள் தரணி. வேனில் வந்தவர்களில் யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அப்பாவு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்போது சுலோசனா கணவரின் தோளை ஒரு விரலால் குத்தினாள். “அவங்க வாயையே கிளறிக்கினு இருந்தா? உங்க வாயையும் தொறங்க.”

“இரும்மா…”

“இன்னா இரு? முரளி சூப்பர்வைசர் இல்ல தாட்சாயணியம்மா. லைன்ல நிக்கறான். காண்ட்ராக்டு. வருஷா வருஷம் புதுசா கையெழுத்துப் போடணும். இவரு சொன்னாரு, பொண்ணு வீட்ல பெருசா பேசறாங்க, நாம கம்மியா பேசினா எப்படின்னு.”

முரளி கழுத்து வரை சிவந்து, “நானே சொல்றேன்னு சொன்னேன், விடல” என்றான். சொன்னது தரணியிடம். தரணி அன்று முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

கோவர்த்தனன் அப்பாவுவைப் பார்த்தார். அப்பாவு கூரையைப் பார்த்தார்.

“சரி,” என்றார் அப்பாவு கடைசியில். “கடைசியா ஒன்னு. இந்தப் பேச்சு ஆரம்பிச்சதிலருந்து நீங்க ‘உங்க இஷ்டம், உங்க இஷ்டம்’னுதான் சொல்லிக்கினு கீறீங்க. ஒரு தடவகூட உங்க இஷ்டத்த சொல்லல. இந்த சம்பந்தம் உங்களுக்கு வேணுமா, வேணாமா?”

கோவர்த்தனன் யார் வீட்டு வாசலிலும் நின்று எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. கொடுத்தால் வாங்குவார், கொடுக்காவிட்டால் திரும்பி நடப்பார். திரும்பி வந்த தட்டை வாங்கியபோதும் ஏன் என்று கேட்காததற்கு அதுதான் காரணம். நிமிர்ந்த முதுகு அப்படியே இருக்க, கண் மட்டும் கீழே போயிற்று. இல்லை என்று சொல்லிவிட்டால் இப்போதும் தலை நிமிர்ந்து வாசல்வரை போய் வழியனுப்பலாம்.

“வேணும்,” என்றார்.

“கேக்கல,” என்றாள் லட்சுமம்மா.

“வேணும்மா. என் பொண்ணுக்கு உங்க வீடு வேணும். அவளுக்கும் இஷ்டம் இருந்தா.”

எல்லாரும் தரணியைப் பார்த்தார்கள். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு தலையை அசைத்தாள்.

சுலோசனா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து, வெற்றிலைக் கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதைத் தனியாக எடுத்துக் கீழே வைத்தாள்.

“பேசிப் பேசி வெத்தல வாடிப்போச்சு,” என்றாள் தாட்சாயணியிடம். “வேற கட்டு இருந்தா கொண்டாங்க, அண்ணி. தண்ணி தெளிச்சு வெச்சிருப்பீங்களே.”